ஓப்பன் சைட், பீப் சைட்: குறிபார்க்கும்போது கண் எங்கே நிற்க வேண்டும்?

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் என்.சி.சி.யில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. முகாமில், திறந்த பள்ளம் வழியே குறிபார்க்கும் ஓப்பன் சைட் உள்ள பாயிண்ட் 22 ரைஃபிளைக் கொண்டு 25 மீட்டரில் படுத்த நிலையில் சுட்டபோது அவருடைய ஐந்து குண்டுகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன. நண்பருடைய ஏர் ரைஃபிளில், சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட் வைத்து 10 மீட்டரில் சுட்டபோதோ எல்லாம் ஓரிடத்தில் குவிந்திருக்கின்றன. ஓப்பன் சைட்டில் பேக்சைட் (கண்ணுக்கு அருகே உள்ள, பள்ளம் வெட்டிய குறிப்பான்), ஃபோர்சைட் (குழலின் முனையில் உள்ள குறிப்பான்), இலக்கு ஆகிய மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரியவில்லையே, எதைப் பார்ப்பது என்றும், பீப் சைட்டில் துளையைப் பார்ப்பதா, அதற்குள் தெரியும் வளையத்தைப் பார்ப்பதா என்றும் கேட்கிறார்.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். குண்டு வெளியேறும் கணத்தில் கண்ணின் கூர்மை ஃபோர்சைட்டின் மீது இருக்க வேண்டும். இலக்கு சற்று மங்கலாகத் தெரிவது பிழையன்று. அப்படித்தான் தெரிய வேண்டும். இதைப் பயிற்றுநர்கள் எல்லாரும் சொல்வார்கள், மாணவர்களும் தலையாட்டுவார்கள், ஆனால் விசையை அழுத்தும் நேரத்தில் கண் தானாக இலக்குக்கு ஓடிவிடும். ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்ற கணக்கு மனத்தில் ஆழப் பதிந்தால்தான் அந்த ஓட்டம் நிற்கும் என்பது பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்ததில் நான் கண்டது. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கு மட்டுமே குவியும். பேக்சைட் கண்ணிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கிறது, ஃபோர்சைட் ஒரு மீட்டர் அளவில் இருக்கிறது, இலக்கோ 25 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மூன்றில் ஒன்றைத்தான் தெளிவாக வைத்துக்கொள்ள முடியும் என்றால், எதில் செய்யும் பிழை அதிகம் தண்டிக்கும் என்று பார்த்து அதற்கே தெளிவைக் கொடுக்க வேண்டும். பேக்சைட்டுக்கும் ஃபோர்சைட்டுக்கும் இடையே 50 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபோர்சைட்டின் நுனி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் வலப்பக்கம் விலகியிருந்தால், 25 மீட்டர் என்பது 50 செ.மீ.யைப் போல ஐம்பது மடங்கு என்பதால், குண்டு இலக்கில் 50 மி.மீ., அதாவது 5 செ.மீ., வலப்பக்கம் போய்ப் படும். அதே விலகலுக்கு 50 மீட்டரில் 10 செ.மீ. போய்விடும். மாறாக, ஃபோர்சைட்டும் பேக்சைட்டும் தம்முள் சரியாகப் பொருந்தியிருக்க, கை நடுக்கத்தால் குறி மட்டும் இலக்கின் மீது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்து நின்றால், குண்டும் அந்த ஒரு சென்டிமீட்டர்தான் விலகும். கண்ணுக்குத் தெரிகிற பிழை அப்படியே அதே அளவில் விழுகிறது. ஆனால் இரண்டு சைட்டுகளுக்கு இடையிலான பிழை, கண்ணுக்கு மயிரிழையாகத் தோன்றி, இலக்கு அட்டையில் ஐம்பது மடங்காகப் பெருகி விழுகிறது.

தம்பி, உங்கள் உள்ளங்கை அகலக் குரூப்பிங்குக்கு, அதாவது குண்டுகள் விழுந்த கூட்டத்தின் அகலத்துக்கு, இதுதான் விளக்கம். படுத்த நிலையில், முழங்கைகள் இரண்டும் தரையில் ஊன்றியிருக்கும்போது, பயிற்சி இல்லாதவருக்குக்கூடக் குறி இலக்கில் அவ்வளவு தூரம் அலையாது. நீங்கள் இலக்கின் கறுப்பைக் கூர்ந்து பார்த்திருப்பீர்கள். அதனால் மங்கிப்போன ஃபோர்சைட், ஒவ்வொரு தோட்டாவுக்கும் பள்ளத்தில் முக்கால் மி.மீ. இப்படியும் அப்படியும் நின்றிருக்கும். நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு ஃபோர்சைட்டைப் பிடித்துக்கொண்டாலே அந்தக் குரூப்பிங் பெருமளவு சுருங்கும்.

ஓப்பன் சைட்டில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஃபோர்சைட்டின் இரு பக்கமும் பள்ளத்துக்குள் தெரியும் வெளிச்சக் கோடுகள் சம அகலத்தில் இருக்க வேண்டும். ஃபோர்சைட்டின் மேல்விளிம்பும் பேக்சைட்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சமத்தைக் கண் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். மட்டம்தான் ஏமாற்றும், அதிலும் பள்ளம் வி வடிவத்தில் இருந்தால் நுனி எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அறிவது கடினம். குண்டுகள் மேலும் கீழுமாக நீளவாக்கில் விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்; அடுத்தது மூச்சை.

அடுத்து, இலக்கில் எங்கே வைப்பது என்ற கேள்வி. கறுப்பு வட்டத்தின் நடுவில் கறுப்பு ஃபோர்சைட்டை வைத்தால் நுனி கறுப்புக்குள் காணாமல் போகும். ஆகவே வட்டத்தின் அடியில், மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இடையில் தெரியும்படி நுனியை நிறுத்துவது வழக்கம். பேக்சைட்டை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் குண்டு நடுவில் ஏறிப் படும். இம்முறையில் ஒரு குறை உண்டு. வெயில் ஏறும்போதும் மேகம் மறைக்கும்போதும் அந்த வெள்ளைக் கோட்டின் அகலம் கண்ணுக்கு வேறு வேறாகத் தோன்றும், அதனோடு குண்டும் மேலே கீழே நகரும். நம் ஊரில் காலை ஏழு மணி வெளிச்சத்தில் சரிபார்த்த ரைஃபிள் பதினொரு மணி வெயிலில் வேறு இடத்தில் அடிப்பதாகப் பிள்ளைகள் முறையிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரைஃபிள் மாறவில்லை, கண்ணில் விழும் உருவம் மாறியிருக்கிறது.

பீப் சைட் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தானே தீர்த்துவிடுகிறது. அதன் செயல்பாட்டை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு அட்டையில் ஊசியால் துளையிட்டு, கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, செய்தித்தாளைப் படிக்க முடியாத அளவு நெருக்கத்தில் கொண்டுவந்து அந்தத் துளை வழியே பாருங்கள். எழுத்துகள் மங்கிய வெளிச்சத்தில் ஆனாலும் தெளிவாகத் தெரியும். சிறு துளை வழியே வரும் ஒளிக்கற்றை மெலிந்திருப்பதால் பக்கத்தில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஓரளவு ஒருசேரத் தெளிவடைகின்றன. ஃபோர்சைட்டைக் கூர்ந்து பார்த்தாலும் இலக்கு மிகவும் மங்கிவிடாமல் இருப்பது இதனால்தான். இரண்டாவது நன்மை இதைவிடப் பெரியது. வட்டத் துளை வழியாகப் பார்க்கும் கண், வெளிச்சம் மிகுந்த நடுப்பகுதியைத் தானாகவே நாடும். ஃபோர்சைட்டைத் துளையின் நடுவில் வைப்பதற்குத் தனியாக முயல வேண்டியதில்லை. மூன்று பொருள்களைப் பொருத்தும் வேலை இரண்டைப் பொருத்துவதாகக் குறைகிறது.

மூன்றாவது நன்மை நீளம். பழைய பாயிண்ட் 303 ரைஃபிள்களில், நம் காவல்துறையினர் நெடுங்காலம் தூக்கித் திரிந்த மூன்றாம் மார்க் வகையில், பேக்சைட் குழலின் மீது, பிடிக்கும் கைக்கு அருகில் இருந்தது. பிறகு வந்த நான்காம் எண் ரைஃபிளில் அதைப் பீப் சைட்டாக்கிக் கண்ணுக்கு அருகே, போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் பாகம்) இருக்கும் இடத்துக்கு மேலே கொண்டுவந்தார்கள், பிறகு வந்த ராணுவ ரைஃபிள்களான எஸ்.எல்.ஆரிலும் இன்சாஸிலும் அதே ஏற்பாடுதான். பேக்சைட் பின்னால் வந்தவுடன் இரு சைட்டுகளுக்கு இடையே உள்ள தொலைவு கூடுகிறது, நான் மேலே சொன்ன ஐம்பது மடங்கு முப்பத்தைந்து மடங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதே கண், அதே கை, ஆனால் பிழையின் பெருக்கம் குறைவு.

ஆனால் பீப் சைட்டுக்கு மாறியவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது, உங்கள் கேள்வியிலேயே அது தெரிகிறது. துளையைப் பார்க்கக் கூடாது. துளையின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் கண் தவறான இடத்தில் குவிந்திருக்கிறது என்று பொருள். அது மங்கலான சாம்பல் நிற வட்டமாகத் தெரிய வேண்டும், அதற்குள் ஃபோர்சைட்டின் உறையும், அதற்குள் ஃபோர்சைட் வளையமும், அதற்குள் இலக்கின் கறுப்பும் ஒரே மையத்தில் அடுக்கடுக்காக நிற்க வேண்டும். கூர்மை அந்த வளையத்தின் மீது.

வளையத்தின் அளவைப் பற்றி வலுவான கருத்து எனக்கு உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் கறுப்பை இறுகக் கவ்வும் சிறிய வளையத்தையே விரும்புகிறார்கள். இறுக்கம் கூடினால் துல்லியம் கூடும் என்று எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறு. கறுப்பைச் சுற்றியுள்ள வெள்ளை மிகவும் மெலிந்தால், கை சிறிது அசையும்போதும் ஒரு பக்கத்து வெள்ளை மறைந்துவிடும். கண் பதறும், விரல் விசையைச் சட்டென்று இழுக்கும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையின் கறுப்பு 30.5 மி.மீ. விட்டமுடையது. ஃபோர்சைட் இருக்கும் தொலைவில், ஏறத்தாழ 90 செ.மீ.யில், அந்தக் கறுப்பு மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அகலமே பிடிக்கும். ஆகவே 4 மி.மீ. அளவுள்ள வளையம் தாராளமான வெள்ளையை விட்டுவைக்கும். அதிலிருந்து தொடங்குங்கள், கை நிலைத்த பிறகு சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். பேக்சைட் துளை 1 முதல் 1.2 மி.மீ. வரை இருப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதைவிடச் சிறிதாக்கினால் ஒளி குறைவதோடு, ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் உருவமே மங்கத் தொடங்கும்.

இந்த எளிய ஏற்பாட்டின் எல்லை எதுவரை என்பதை அறிய ஒலிம்பிக்கைப் பார்க்கலாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு; ஏர் ரைஃபிளின் குண்டான பெல்லட்டே 4.5 மி.மீ. தடிமன். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கங்கள் குவித்ததும் தொலைநோக்கி இல்லாத பீப் சைட்டால்தான்.

தலை வைக்கும் முறையைச் சொல்லாமல் சைட்டைப் பற்றி மட்டும் சொல்வதில் பயனில்லை. கன்னம் ஒவ்வொரு முறையும் ரைஃபிளின் பின்கட்டையின் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் பதிய வேண்டும். அப்போதுதான் கண் துளைக்குப் பின்னால் அதே இடத்துக்கு வரும். கழுத்தை நீட்டிக் கண்ணைச் சைட்டுக்குக் கொண்டுபோகாமல், ரைஃபிளை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாயிண்ட் 22-இலும் ஏர் ரைஃபிளிலும் பீப் சைட்டுக்கும் கண்ணுக்கும் இடையே 5 முதல் 8 செ.மீ. போதும், எஸ்.எல்.ஆர். போன்ற பின்னுதைப்பு உள்ளவற்றில் இதைவிடத் தள்ளியே இருங்கள். மறு கண்ணை இறுக மூடுவதும் கூடாது. மூடினால் முகத்தசை முழுவதும் இழுபட்டுக் குறிபார்க்கும் கண்ணும் சில நிமிடங்களில் சோர்ந்துவிடும். இரு கண்களையும் திறந்துவைத்து, மறு கண்ணின் முன்னால் வெண்மையான ஒளிபுகும் அட்டைத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவது நல்லது. கறுப்புத் துணி வேண்டாம், ஒரு கண் இருளில் இருந்தால் மறு கண்ணின் பாப்பாவும் விரிந்து தெளிவைக் கெடுக்கும்.

சாய்வும் அப்படித்தான். ரைஃபிளைத் தோளில் வைக்கும்போது பலர் அதைச் சற்று உட்பக்கமாகச் சாய்த்துவிடுகிறார்கள். பாயிண்ட் 22 குண்டு 50 மீட்டர் செல்வதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 12 செ.மீ. இறங்குகிறது, அதை ஈடுசெய்யக் குழல் சற்று மேல்நோக்கியே வைக்கப்பட்டிருக்கிறது. ரைஃபிளை 5 பாகை சாய்த்தால் அந்த மேல்நோக்கிய சரிவும் பக்கவாட்டில் சாய்ந்து, குண்டு சாய்ந்த பக்கமாக 1 செ.மீ. அளவுக்குப் போய்விடும். 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டமே 10.4 மி.மீ.தான். சைட்டுகள் துளியும் பிசகாமல் இருந்தும் புள்ளி போகும் இடம் இது.

மூச்சை இழுத்துப் பிடிக்காமல், வெளியே விட்ட பிறகு இயல்பாக வரும் ஓய்வில் சுட வேண்டும். அந்த ஓய்வில் ஆறேழு நொடிகளுக்கு மேல் குறியைப் பிடித்துக்கொண்டிருந்தால், கண் அதே உருவத்தில் ஊறிப்போய், குறி நகர்ந்த பிறகும் சரியாகவே இருப்பதுபோல் காட்டும். அந்நேரத்தில் விசையை அழுத்தாமல் ரைஃபிளை இறக்கி, எதிரே மரமோ வெளிர்நிறச் சுவரோ இருந்தால் அதைச் சற்றுப் பார்த்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். இறக்கிய குறிக்கு யாரும் புள்ளி கழிப்பதில்லை.

முகாம் ரைஃபிளில் நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேய்ந்துபோன ஃபோர்சைட்டின் கறுப்புப் பூச்சு போய், உலோகம் வெயிலில் மினுங்கும். ஒரு பக்கம் மினுங்கினால் கண் அந்தப் பளபளப்பையே நுனியென்று கொண்டு அதை நடுவில் வைக்கப் பார்க்கும், அல்லது அதை வெளிச்சத்தோடு சேர்த்து விட்டுவிட்டு எஞ்சிய கறுப்பை நடுவில் வைக்கும். எப்படியானாலும் குண்டு விலகும். இதற்குப் பழைய மருந்து சூடப் புகை. பயிற்றுநரின் அனுமதியோடு, தோட்டா எதுவும் அருகில் இல்லாத இடத்தில், போல்ட்டைக் கழற்றிய ரைஃபிளின் ஃபோர்சைட்டைச் சிறு சூடக் கட்டியின் சுடருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காட்டினால், சில நொடிகளில் நுனியின் மீது வெல்வெட் போன்ற கரி படியும். ஒளியைத் திருப்பாத கறுப்பு அது. விரல் பட்டால் அழிந்துவிடும் என்பதால் அதன்பின் உறையில் உரசாமல் எடுத்துச்செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள ஏர் ரைஃபிளில் இதைச் செய்ய வேண்டாம்.

காற்றைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஆனியிலிருந்து ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் வலுவாக அடிக்கும். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று பாயிண்ட் 22 குண்டை 50 மீட்டரில் 25 மி.மீ. அளவுக்குத் தள்ளிவிடும். ஆனால் 25 மீட்டரில் அதில் கால்பங்குதான், அதாவது ஆறேழு மில்லிமீட்டர். ஆகவே உங்கள் உள்ளங்கை அகலச் சிதறலுக்குக் காற்றின் மேல் பழி போட இயலாது.

சைட்டைத் திருத்துவதற்கு முன் குரூப்பிங் வர வேண்டும். ஒரு குண்டை வைத்துத் திருத்தக் கூடாது. ஐந்து குண்டுகளும் ஓரிடத்தில் கூடிய பிறகு அக்கூட்டத்தின் நடுவை அளந்து திருத்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பேக்சைட்டை நகர்த்த வேண்டும், ஃபோர்சைட்டை நகர்த்துவதாக இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம். 25 மீட்டரில் கூட்டம் 30 மி.மீ. இடப்பக்கம் இருந்து, சைட்டுகளுக்கு இடையே 50 செ.மீ. இருந்தால், முப்பதை ஐம்பதால் வகுத்து 0.6 மி.மீ. வலப்பக்கம் நகர்த்தினால் போதும். எவ்வளவு சிறிய அளவு என்பதைக் கவனியுங்கள்; சுத்தியலால் தட்டிப் பார்க்கிறவர்கள் மூன்று மடங்கு தாண்டிவிடுகிறார்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகள் மிகவும் வசதியானவை. தார்சாவில் (முன்பகுதியில்) நின்றால் பட்டாசாலை என்னும் நடுக்கூடத்தைத் தாண்டிப் புறவாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் பார்வை போகும். அவ்வளவு நீளம் இல்லாவிட்டால், 5 மீட்டர் தொலைவில் சுண்ணாம்புச் சுவரில் 15 மி.மீ. விட்டத்தில் கறுப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினால், 10 மீட்டர் அட்டையின் கறுப்பு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவே தெரியும். தோட்டா இல்லை என்பதை இருமுறை கண்ணால் பார்த்து உறுதிசெய்து, சுவருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத திசையில் குறிபார்த்துப் பழகுங்கள். ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் இழுத்து விடக் கூடாது, உள்ளே பிஸ்டன் அடிபட்டுக் கெடும். குறிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாயிண்ட் 22-ஐயும் வெறுமனே இழுத்தால் அடிக்கும் ஊசி அறையின் விளிம்பில் பட்டுத் தழும்பு விழும் என்பதால் போலித் தோட்டா போட்டே பழக வேண்டும்.

ஏர் ரைஃபிள் கையில் இருக்கிறதே என்று குளக்கரைப் பறவைகளின் மேல் குறிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கூந்தன்குளத்துக்கு வரும் நாரையும் கொக்கும் நம் ஊர் விருந்தாளிகள். அட்டை இருக்கும்போது வேறு இலக்கு எதற்கு?

அடுத்த முகாமில், தம்பி, முதல் ஐந்து தோட்டாக்களுக்கு பேக்சைட்டைத் தொடவே வேண்டாம், புள்ளியையும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும், அட்டையைப் பார்ப்பதற்கு முன், குண்டு வெளியேறிய கணத்தில் ஃபோர்சைட் எங்கே நின்றது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: நடுவில், சற்று வலம், சற்றுக் கீழே என்று. பிறகு அட்டையோடு ஒப்பிடுங்கள். சொன்னதும் விழுந்ததும் பொருந்தத் தொடங்கினால் உங்கள் கண் சரியான இடத்தில் நிற்கிறது. பொருந்தாமலே போனால் அப்போதும் கண் இலக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரைஃபிளை மாற்றித் தரச் சொல்வதற்கு முன் இன்னொரு ஐந்து தோட்டாக்களை இதே முறையில் சுட்டுப் பாருங்கள்.